அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும் உபுண்டு திறக்கவில்லை, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மின்னுகிறது – அவசர உதவி தேவை

தாமிரபரணிக்கரை – இரவு 9:12

வணக்கம். ட்யூஷன் சென்டர் நடத்துகிறேன். கணினியில் நாலைந்து வருடமாக உபுண்டு லினக்ஸ்தான், இப்போது இருப்பது 22.04. இன்று சாயங்காலம் அப்டேட் கேட்டது, சரி என்று கொடுத்தேன். முடியும் நேரத்தில் ஏதோ பிழை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. பிள்ளைகள் வாசலில் நின்று கூப்பிட்டதால் படிக்காமலே மூடிவிட்டேன். வகுப்பு முடிந்து வந்து ரீஸ்டார்ட் செய்தால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடி நின்றுவிட்டது. கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: "கர்னல் பேனிக் – நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன் பிளாக் (0,0)". கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிகிறது, எந்த விசைக்கும் அசைவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து நாலு தடவை போட்டுப் பார்த்தேன், நாலு தடவையும் இதே.

நாளை மறுநாள் பத்தாம் வகுப்புக்கு மாதத் தேர்வு. வினாத்தாள் ஆறும் அதில்தான் இருக்கிறது. பென்டிரைவில் இருக்கும் நகல் மூன்று வாரப் பழசு. பக்கத்துத் தெருக் கடையில் கேட்டதற்கு "ஃபார்மட் பண்ணித் தர்றேன், டேட்டாவுக்கு உத்தரவாதம் இல்லை" என்கிறார்கள். டிஸ்க் முழுக்க என்க்ரிப்ட் செய்தது, 2020-ல் என் சித்தி மகன் போட்டுக் கொடுத்தான், அவன் இப்போது கப்பலில் வேலையில் இருக்கிறான், பிடிக்க முடியவில்லை. என்ன செய்யட்டும்?

திண்ணை_64 – இரவு 9:20

இது கிரப் (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரல்) போன கேஸ் மாதிரி இருக்கிறது. வேறு கணினியில் லைவ் யுஎஸ்பி (பென்டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டு) ஒன்று தயார் செய்து, கிரப்பைச் சரி செய்யும் பூட்-ரிப்பேர் நிரலை ஓட்டுங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் புதிதாகப் போட்டுவிடுவதுதான் சீக்கிரம் முடியும், எனக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு முன் கணினி தொடங்கும்போது எஸ்கேப் அழுத்திப் பாருங்கள், மெனு வரும்.

பழைய_கர்னல் – இரவு 9:31

டீச்சர், முதலில் ஒன்று: கடைக்குக் கொடுக்காதீர்கள், ஃபார்மட் என்ற வார்த்தையையே இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைப் பார்த்தாலே உங்கள் கோப்புகள் இருக்கும் இடத்தை அது இன்னும் தொடக்கூட இல்லை என்று தெரிகிறது. என்க்ரிப்ட் செய்த டிஸ்கில் புதிதாக இன்ஸ்டால் செய்தால் பழையது திரும்ப வரவே வராது. திண்ணை சாருக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் இங்கே ஆறு வினாத்தாள் உள்ளே இருக்கிறது.

கிரப் போகவில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டனை அழுத்தியதிலிருந்து உங்கள் டெஸ்க்டாப் வரும் வரை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வேலை மாறிக்கொண்டே போகும். முதலில் மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர், அது ஷிம் என்ற சின்ன இடைநிரலைக் கூப்பிடும், ஷிம் கிரப்பைக் கூப்பிடும், கிரப் இரண்டு கோப்புகளைத் தூக்கி ரேமில் வைக்கும்: ஒன்று கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, இன்னொன்று இனிட்ராம்எஃப்எஸ் (கோப்பின் பெயர் இனிட்ஆர்டி என்று தொடங்கும்). இந்த இரண்டாவது ஒரு சின்னத் தற்காலிக வீடு மாதிரி. டிஸ்கைக் கண்டுபிடிக்கும் டிரைவர்கள், உங்களிடம் பாஸ்வேர்டு கேட்டு டிஸ்கைத் திறக்கும் நிரல், எல்லாம் அதற்குள்தான். அது தன் வேலையை முடித்த பிறகுதான் உண்மையான ரூட், அதாவது உபுண்டுவும் உங்கள் கோப்புகளும் இருக்கும் பகுதி, மவுண்ட் ஆகி (இணைந்து), மற்ற சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி ஓட ஆரம்பிக்கும்.

"கர்னல் பேனிக்" என்று சொல்வது கர்னல். அப்படியானால் கிரப் தன் வேலையை முடித்துக் கர்னலை ஏற்றிவிட்டது. கேப்ஸ் லாக் விளக்கை மின்ன விடுவதும் கர்னல்தான், திரை வராத கணினியிலும் ஆள் கவனிக்கட்டும் என்று. கடைசியில் இருக்கிற (0,0) என்பது, ரூட் எந்த டிஸ்கில் என்றே எனக்குத் தெரியவில்லை என்று அது சொல்வது.

இரண்டு கேள்விகள். ஒன்று, இந்தத் திரை வருவதற்கு முன் டிஸ்க் பாஸ்வேர்டு கேட்டதா? இரண்டு, அணைத்துப் போடும்போது நடுவில் ஏதாவது பட்டியல் வருகிறதா, அதில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு" என்று ஒரு வரி இருக்கிறதா?

தாமிரபரணிக்கரை – இரவு 9:44

பாஸ்வேர்டு கேட்கவே இல்லை சார். வழக்கமாக உபுண்டு படத்துக்குக் கீழே ஒரு பெட்டி வரும், அது வரவில்லை.

பட்டியல் வருகிறது. எப்போதும் வராது, இன்று முதல் தடவை தவறிய பிறகுதான் வருகிறது, 30-லிருந்து எண்ணிக்கொண்டே குறைகிறது. நான் முதல் வரியிலேயே என்டர் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது திண்ணை சார் சொன்னபடி எஸ்கேப் அழுத்தினேன். பட்டியலும் போய்விட்டது! கருப்புத் திரையில் "கிரப்" என்று எழுதி ஒரு அம்புக்குறி, பக்கத்தில் கர்சர் நிற்கிறது. இன்னும் கெடுத்துவிட்டேனா?

யாழ்_நிரலி – இரவு 9:47

அக்கா பயப்பட வேண்டாம், ஒன்றும் கெடவில்லை. பட்டியல் திரையில் இருக்கும்போது எஸ்கேப் அழுத்தினால் கிரப் தன்னுடைய கட்டளை வரிக்குப் போய்விடும். பட்டியல் வராத கணினியில் வரவழைக்கத்தான் எஸ்கேப், வந்த பிறகு அதைத் தொடக் கூடாது. அந்தக் கர்சரில் "நார்மல்" என்ற ஆங்கிலச் சொல்லைச் சின்ன எழுத்தில் தட்டி என்டர் அடியுங்கள், பட்டியல் திரும்ப வரும். பிறகு கீழ் அம்பு விசை மட்டும். முதல் தரம் இந்த இடத்தில் மாட்டினபோது நானும் ஒரு மணித்தியாலம் முழித்துக்கொண்டு இருந்தேன்.

தாமிரபரணிக்கரை – இரவு 9:53

வந்துவிட்டது! அட்வான்ஸ்டு உள்ளே போனேன். 6.8.0-45, 6.8.0-40, 6.5.0-45, அப்புறம் ஒரு 5.15. ஒவ்வொன்றுக்கும் கீழே அதே எண்ணில் "ரெகவரி மோட்" என்று இன்னொரு வரி.

பழைய_கர்னல் – இரவு 9:55

அருமை. மேலே இருக்கும் 6.8.0-45 இன்று வந்த புதுசு, அதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தீர்கள். 6.8.0-40 வரியில் என்டர் அடியுங்கள், ரெகவரி வேண்டாம், சாதாரண வரி. பாஸ்வேர்டு பெட்டி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பெட்டியை வரையும் நிரல் இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே இருக்கிறது, பெட்டி வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தாமிரபரணிக்கரை – இரவு 10:02

பெட்டி வந்தது, பாஸ்வேர்டு கொடுத்தேன், திறந்துவிட்டது சார்!!! டெஸ்க்டாப், கோப்புகள், வைஃபை எல்லாம் அப்படியே இருக்கிறது. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. இப்போது கணினியிலிருந்தே எழுதுகிறேன்.

பழைய_கர்னல் – இரவு 10:06

முதலில் வினாத்தாள்களைப் பென்டிரைவுக்கு எடுங்கள். பென்டிரைவை முறையாக எஜெக்ட் செய்து, வேறு எதிலாவது, கைபேசியில்கூடப் போதும், ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். அதன் பிறகு மற்றது. கோப்பு வெளியே வராமல் பழுதுபார்ப்பில் கை வைப்பது எனக்கு எப்போதும் ஒப்பாது.

அது முடிந்ததும் டெர்மினலைத் திறந்து மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நான் பேருந்தில் இருக்கிறேன், கைபேசியில் தமிழ் விசைப்பலகைதான், அதனால் கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன். "டிஎஃப் -எச் /பூட்" என்ன காட்டுகிறது? "எல்எஸ் -எல்எச் /பூட்" என்ன காட்டுகிறது, அளவுகளோடு? (விஎம்லினஸ் என்று தொடங்குவது கர்னல்.) மூன்றாவது முக்கியம்: /வார்/லாக்/ஏபிடி என்ற அடைவில் டெர்ம்.லாக் என்று ஒரு கோப்பு இருக்கும், அப்டேட் ஓடும்போது திரையில் வந்த அத்தனையும் அதில் நேரத்தோடு பதிவாகியிருக்கும். நீங்கள் படிக்காமல் மூடிய பெட்டி என்ன சொல்ல வந்தது என்று அதில் தெரியும். சுடோ (நிர்வாகி உரிமை) போட்டு "லெஸ்" கட்டளையில் திறந்து கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

தோல்வியடைந்த அந்த பூட்டின் பதிவை ஜர்னல்சிடிஎல்-லில் தேட வேண்டாம், கிடைக்காது. ரூட்டே மவுண்ட் ஆகவில்லை, எழுதி வைக்க அதற்கு இடமே இல்லை.

தாமிரபரணிக்கரை – இரவு 10:31

ஆறு வினாத்தாளும் பென்டிரைவில், இரண்டைக் கைபேசியில் திறந்தும் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலும் எடுத்துவிட்டேன்.

டிஎஃப் சொல்வது: அளவு 470 எம், பயன்பாடு 441 எம், மிச்சம் 4 எம், 100 சதவீதம்.

எல்எஸ்-ஸில் விஎம்லினஸ் என்று தொடங்கும் கோப்பு நாலு எண்ணுக்கும் இருக்கிறது, ஒவ்வொன்றும் 14 எம் பக்கம். இனிட்ஆர்டி என்று தொடங்குவது மூன்றுதான், ஒவ்வொன்றும் 115 எம் பக்கம். 6.8.0-45-க்கு மட்டும் இல்லை. சிஸ்டம்.மேப் நாலும் இருக்கிறது, 8 எம்.

அந்த லாக்கில் 6.8.0-45-க்கு இனிட்ஆர்டி உருவாக்குகிறேன் என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". அதற்கும் கீழே கிரப் பேக்கேஜ் செட்டப் ஆனதாக சில வரிகள். இதுதானா சார்? டிஸ்கில் 180 ஜிபி காலியாக இருக்கிறதே?

பழைய_கர்னல் – இரவு 10:50

இதுதான் டீச்சர். முழுக் கதையும் உங்கள் மூன்று பதில்களில் இருக்கிறது.

180 ஜிபி காலியாக இருப்பது என்க்ரிப்ட் செய்த பெரிய பகுதியில். கிரப் வேலை செய்யும் நேரத்தில் அந்தப் பகுதி பூட்டிக் கிடக்கும், அதனால் கர்னலையும் இனிட்ஆர்டியையும் பூட்டு இல்லாத ஒரு தனிப் பகுதியில் வைப்பது வழக்கம், அதுதான் /பூட். உங்கள் சித்தி மகன் அதற்கு 500 எம்பி கொடுத்திருக்கிறார். 2020-ல் அது போதும் என்று தோன்றியிருக்கும், அவர் மேல் குறை இல்லை. ஆனால் வருடத்துக்கு வருடம் டிரைவர்களும் ஃபர்ம்வேர் கோப்புகளும் கூடக் கூட இனிட்ஆர்டி பெருத்துக்கொண்டே போகிறது. இப்போது உங்களுக்கு ஒரு கர்னல் என்றால் 115-ம் 14-ம் 8-ம் சேர்ந்து 137 எம்பி. மூன்று கர்னல் தாங்கும், நாலாவது வந்தபோது 14-ம் 8-ம் உள்ளே நுழைந்துவிட்டது, 115 நுழையவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் அந்த இடத்திலேயே எல்லாம் நின்றிருந்தால்கூட உங்களுக்கு இன்று இந்தத் தொல்லை வந்திருக்காது. இனிட்ஆர்டி தவறிவிட்டால் புதுக் கர்னல் மெனுவில் ஏறாது, பழையதே திறக்கும். ஆனால் அதே அப்டேட்டில் கிரப் பேக்கேஜும் வந்திருக்கிறது. அது தன் பங்குக்கு மெனுவைப் புதிதாக எழுதியது, /பூட் அடைவைப் பார்த்தது, 6.8.0-45 என்று ஒரு விஎம்லினஸ் கிடந்தது, இருப்பதில் பெரிய எண் அதுதான் என்று முதல் வரியில் போட்டுவிட்டது. ஜோடி இல்லாத கர்னல் என்று அது தயங்குவதில்லை, ஏனென்றால் இனிட்ஆர்டி இல்லாமல் ஓடும் அமைப்புகளும் உலகத்தில் உண்டு.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய கர்னல்களை உபுண்டு தானே கழித்துவிடும், இப்போது ஓடுவதையும் ஆகப் புதிய இரண்டையும் மட்டும் காப்பாற்றும். அப்படி இருக்க அந்த 5.15 ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது? அதை எப்போதாவது நீங்களே கையால் இன்ஸ்டால் செய்தீர்களா?

தாமிரபரணிக்கரை – இரவு 10:58

ஆமாம் சார், இப்போது ஞாபகம் வருகிறது. யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கியபோது புதுக் கர்னலில் எடுக்கவில்லை, எங்கோ படித்து 5.15-ஐத் தனியாகப் போட்டேன். அந்த டாங்கிள் உடைந்தே மாதக்கணக்காகிறது.

பழைய_கர்னல் – இரவு 11:01

அதுதான். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டுப் போட்ட பேக்கேஜை, மென்பொருள்களைப் போட்டு எடுக்கும் ஏபிடி "கையால் போட்டது" என்று குறித்து வைத்துக்கொள்ளும், தேவையற்றதைக் கழிக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை அதைத் தொடாது. அதை நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

மலைக்கோட்டை – இரவு 11:03

இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன், நடுவில் ஒரு சின்னக் கேள்வி. 470-லிருந்து 441 போனால் 29 எம்பி மிச்சம் இருக்க வேண்டும், டிஎஃப் 4 என்கிறது. மற்ற 25 எங்கே? அப்புறம், இவ்வளவு சுற்றுவதற்கு /பூட் உள்ளே போய் 5.15 கோப்புகளை ஆர்எம் போட்டு அழித்தால் ஆகாதா?

யாழ்_நிரலி – இரவு 11:12

முதல் கேள்விக்கு: இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கு, ரூட் பகுதி அல்ல) ஒதுக்கி வைப்பது இயல்பான அமைப்பு. 500-ல் 5 சதவீதம் 25, கணக்குச் சரி. சாதாரணப் பயனர் டிஸ்கை நிரப்பிவிட்டாலும் ரூட் உள்ளே வந்து சரி செய்ய இடம் இருக்கட்டும் என்று. அப்டேட் ரூட்டாக ஓடுவதால் அந்த 25-ஐயும் அது எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கேட்டது 115.

இரண்டாவதற்கு: அழித்தால் இடம் கிடைக்கும், உண்மைதான், ஆனால் பேக்கேஜ் பதிவேட்டில் 5.15 இருக்கிறது என்றே நிற்கும். அடுத்த தரம் எல்லாக் கர்னலுக்கும் இனிட்ஆர்டி புதுப்பிக்கிற ஏதாவது நடந்தால் அது தேடும், புலம்பும். அதைவிட மோசம், அவசரத்தில் எண்ணை மாற்றி அடித்து ஓடிக்கொண்டிருக்கிற கர்னலின் கோப்பையே அழித்துவிடுவது. கோப்பு அழிந்தாலும் கர்னல் ரேமில் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு கணினிக்கு நான் இதைச் செய்திருக்கிறேன். அதனால் அக்கா, எதை நீக்குவதற்கு முதலும் "யூநேம் -ஆர்" அடித்து எந்தக் கர்னலில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள், அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

தாமிரபரணிக்கரை – இரவு 11:20

யூநேம் 6.8.0-40 என்கிறது, எழுதி வைத்துவிட்டேன். "சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ்" அடித்துப் பார்த்தேன், 6.5-ஐயாவது எடுக்குமே என்று. எடுக்கவில்லை. அன்மெட் டிபெண்டென்சீஸ், ஃபிக்ஸ்-ப்ரோக்கன் போடு என்கிறது. அதைப் போட்டால் மறுபடி இனிட்ஆர்டி உருவாக்கப் போய் "நோ ஸ்பேஸ்" என்று அதே இடத்தில் விழுகிறது. இடம் வேண்டுமென்றால் நீக்க வேண்டும், நீக்க வேண்டுமென்றால் முதலில் சரி செய்ய வேண்டும், சரி செய்ய இடம் வேண்டும் என்கிறது.

பழைய_கர்னல் – இரவு 11:38

வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தச் சுழலில்தான் பலர் வெறுத்துப்போய் ஃபார்மட் செய்கிறார்கள், ஆனால் வழி இருக்கிறது. ஏபிடி என்பது மேல்மட்ட மேலாளர், மொத்தக் கணக்கும் சரியாக இருந்தால்தான் அடுத்த அடி வைக்கும். அதற்குக் கீழே உண்மையில் பேக்கேஜை வைப்பதும் எடுப்பதும் டிபிகேஜி. அது கேட்டதை மட்டும் செய்யும். நேரே அதனிடம் போவோம்.

"டிபிகேஜி -எல்" என்பதை "கிரெப் 5.15" வழியாக அனுப்பினால் அந்தக் கர்னலைச் சேர்ந்த பேக்கேஜ்களின் முழுப் பெயர் வரும்: லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மாட்யூல்ஸ், லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா, ஒருவேளை லினக்ஸ்-ஹெடர்ஸ் இரண்டு. "சுடோ டிபிகேஜி --பர்ஜ்" போட்டு அத்தனை பெயரையும் ஒரே வரியில் கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது என்று மறுக்கும், சேர்த்துக் கொடுத்தால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். என்டர் அடிப்பதற்கு முன் அந்த வரியில் 6.8 என்ற எண் எங்கும் இல்லை என்று ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

அது போனதும் 137 எம்பி கிடைக்கும். பிறகு "சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ". பாதியில் நின்ற 6.8.0-45 இப்போது தன் இனிட்ஆர்டியை எழுதி, கிரப் மெனுவையும் புதுப்பித்து முடிக்கும். பிறகு "சுடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டால்", கடைசியாக "சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்", இது 6.5-ஐ எடுக்கும். அதையும் எடுத்துவிடுவது அவசியம். மூன்று கர்னலோடு விட்டால் 419 ஆகிவிடும், அடுத்த மாதம் வரும் கர்னலுக்கு மறுபடி இதே கதை.

இன்னும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். முடித்துவிட்டு "எல்எஸ் -எல்எச் /பூட்" காட்டுங்கள்.

ஆர்ச்_வாசி – இரவு 11:45

டீச்சர் வேலையை முடிக்கும் வரை இதே இனத்தில் வேறொரு நோயைச் சொல்கிறேன், தேடி வருபவர்களுக்கு உதவும். ஆர்ச்சில் (இன்னொரு வகை லினக்ஸ்) /பூட் என்பதை நான் ஃபர்ம்வேர் படிக்கும் இஎஃப்ஐ பகுதியாகவே வைத்திருக்கிறேன், விஃபேட் வடிவம். ஒருநாள் அது மவுண்ட் ஆகாமல் இருந்ததைக் கவனிக்காமல் ஆர்ச்சின் அப்டேட் கட்டளையான பேக்மேன் ஓட்டிவிட்டேன். புதுக் கர்னல் போய் விழுந்தது ரூட்டுக்குள் இருக்கும் வெறும் /பூட் அடைவில். உண்மையான இஎஃப்ஐ பகுதியில் பழைய கர்னல்தான். ரீஸ்டார்ட் செய்தால் பழையது எழுந்து வருகிறது, ஆனால் அதற்கான மாட்யூல்களை, அதாவது டிரைவர்களை, பேக்மேன் அப்டேட்டிலேயே நீக்கிவிட்டது. விஃபேட் மாட்யூல் இல்லாததால் /பூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை, மவுண்ட் ஆகாததால் எமர்ஜென்சி மோட். திரையில் "அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் விஃபேட்" என்று வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தேன். லைவ் யுஎஸ்பியில் திறந்து, இரண்டு பகுதியையும் முறையாக மவுண்ட் செய்து, ஆர்ச்-சிஹெச்ரூட் வழியாக டிஸ்கில் இருக்கும் சிஸ்டத்துக்குள் போய் லினக்ஸ் பேக்கேஜை மறுபடி போட்டதும் சரியானது.

கிரப்பே குற்றவாளியாக இருந்த நாளும் உண்டு. 2022 ஆகஸ்ட் கடைசியில் ஆர்ச்சில் வந்த கிரப் பதிப்பில், மெனு கோப்பைப் புதிதாக எழுதினால் அதில் வரும் ஒரு கட்டளை ஏற்கெனவே டிஸ்கில் பதிந்திருந்த பழைய கிரப்புக்குப் புரியவில்லை. ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட எண்டவர்ஓஎஸ் பயனர்கள் நிறையப் பேர் பயாஸ் திரைக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கு மருந்து கிரப்-இன்ஸ்டாலை மறுபடி ஓட்டுவது. அந்த நோய்க்குத் திண்ணை சார் சொன்ன வழி பொருந்தும்.

பழைய_கர்னல் – இரவு 11:56

நன்றாகச் சொன்னீர்கள். எந்த இடத்தில் நின்றது என்று பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதைத்தான் நானும் இத்தனை வருடமாகத் தொண்டை வற்றச் சொல்கிறேன். கிரப்புக்கும் முன்னால் நிற்பதும் உண்டு. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு இயங்குதளமும் வைத்திருந்த பலருக்கு "எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்டு" என்று ஒரு வரி வந்து கணினி அணைந்தது. எஸ்பேட் என்பது எந்தப் பழைய பூட் நிரல்களை ஏற்கக் கூடாது என்ற கொள்கை; அந்த அப்டேட் அதைப் புதுப்பித்ததால் பழைய ஷிம் தன்னையே சோதித்து நின்றுவிட்டது. அங்கே கர்னலை மாற்றிப் பார்ப்பதில் பயனே இல்லை, மெனுவே வராது. செக்யூர் பூட்டை (கையொப்பமுள்ள நிரலை மட்டும் தொடங்க விடும் ஃபர்ம்வேர் அமைப்பு) தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் "மோக்யூடில்" கட்டளையால் அந்த எஸ்பேட் கொள்கையை அழித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து லினக்ஸ் திறந்த பிறகு செக்யூர் பூட்டைத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

யாழ்_நிரலி – நள்ளிரவு 12:08

அக்காவுக்குப் பழைய கர்னல் ஒன்று இருந்தது, அதனால் லைவ் யுஎஸ்பி தேவைப்படவில்லை. ஒன்றும் திறக்காத நிலையில் என்க்ரிப்ட் செய்த டிஸ்கோடு நிற்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், இதில் நான் இரண்டு இரவு தொலைத்தேன்.

லைவ் யுஎஸ்பியில் "கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஓப்பன்" போடும்போது டிஸ்குக்கு ஒரு பெயர் கொடுக்கச் சொல்லும். நான் ஏதோ ஒரு பெயர் கொடுத்தேன், திறந்தது, உள்ளே இருக்கும் எல்விஎம் பகுதிகளை (டிஸ்கின் உட்பிரிவுகளை) விஜிசேஞ்ச் போட்டு எழுப்பினேன், ரூட்டையும் /பூட்டையும் /பூட்/இஎஃப்ஐ-யையும் மவுண்ட் செய்தேன், டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து சிஹெச்ரூட் போய் இனிட்ஆர்டியைப் புதிதாக எழுதினேன். எல்லாம் சரியாக நடந்தது போல இருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் பாஸ்வேர்டே கேட்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்து, ரூட் இல்லை என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் தள்ளிவிட்டது. முன்பு இருந்ததைவிட மோசம்.

காரணம் அந்தப் பெயர். /இடிசி/கிரிப்ட்டேப் கோப்பில் டிஸ்குக்கு எந்தப் பெயர் எழுதியிருக்கிறதோ அதே பெயரில்தான் திறக்க வேண்டும். வேறு பெயரில் திறந்தால், இனிட்ஆர்டி எழுதும் நிரல் இந்த ரூட்டுக்குக் கிரிப்ட்டேப்பில் பதிவே இல்லை என்று ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு, பூட்டைத் திறக்கும் விவரத்தை உள்ளே வைக்காமல் முடித்துவிடும். அந்த எச்சரிக்கை ஓடுகிற பத்து வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி. முதலில் ஏதாவது பெயரில் திறந்து கிரிப்ட்டேப்பைப் படித்துப் பார்த்துவிட்டு, மூடி, சரியான பெயரில் திரும்பத் திறக்கலாம்.

இன்னொன்று, கணினியைத் தமிழ் மொழியில் வைத்திருப்பவர்களுக்கு. வரைகலை இல்லாத கன்சோலில் தமிழ் எழுத்து வராது, செய்திகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். "எக்ஸ்போர்ட் லாங்=சி" என்று (லாங் பெரிய எழுத்தில், சி-யும் பெரிய எழுத்து) அடித்துவிட்டால் செய்திகள் ஆங்கிலத்தில் வரும், படிக்கலாம்.

தாமிரபரணிக்கரை – நள்ளிரவு 12:17

டிபிகேஜி பர்ஜ் வேலை செய்தது! வாய்விட்டுப் படித்துத்தான் என்டர் அடித்தேன். கான்ஃபிகர் போட்டதும் 6.8.0-45-க்கு இனிட்ஆர்டி எழுதுகிறேன் என்று வந்து ஒரு நிமிடம் அசையாமல் நின்றது, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இந்தத் தடவை பிழை வரவில்லை. ஏபிடி -எஃப் அமைதியாக முடிந்தது. ஆட்டோரிமூவ் 6.5-ஐ எடுத்தது.

இப்போது /பூட்டில் விஎம்லினஸ் இரண்டு, இனிட்ஆர்டி இரண்டு, 6.8.0-40-க்கும் 6.8.0-45-க்கும். இரண்டு இனிட்ஆர்டியும் ஏறக்குறைய ஒரே அளவு. டிஎஃப்: 470-ல் 282 பயன்பாடு.

ரீஸ்டார்ட் செய்யட்டுமா?

பழைய_கர்னல் – நள்ளிரவு 12:19

ஜோடி சேர்ந்துவிட்டது, அளவும் ஒத்துப்போகிறது. ஒரு இனிட்ஆர்டி மட்டும் மற்றதைவிடப் பாதி அளவில் இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேன். செய்யுங்கள். தவறினாலும் 6.8.0-40 அங்கேயே இருக்கிறது.

தாமிரபரணிக்கரை – நள்ளிரவு 12:26

திறந்துவிட்டது. பாஸ்வேர்டு பெட்டி வந்தது, யூநேம் -ஆர் 6.8.0-45 என்கிறது. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், சொல்லக்கூட ஆள் இல்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன்.

இனி இது வராமல் இருக்க /பூட்டைப் பெரிதாக்க முடியுமா?

பழைய_கர்னல் – நள்ளிரவு 12:34

முடியும், ஆனால் பக்கத்தில் இருப்பது என்க்ரிப்ட் செய்த பகுதி. அதைச் சுருக்கி நகர்த்துவது ஆபத்தான வேலை, முழு பேக்கப் இல்லாமல் நான் செய்யச் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை புதிதாகப் போடும்போது /பூட்டுக்கு 2 ஜிபி கொடுங்கள்.

அதுவரை இரண்டு வழி. /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவில் இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் என்ற கோப்பில் "மாட்யூல்ஸ்=மோஸ்ட்" என்று இருப்பதை "டெப்" என்று மாற்றினால் உங்கள் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும், இனிட்ஆர்டி வெகுவாகச் சுருங்கும். ஆனால் அந்த டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் திறக்காமல் போகலாம், அதனால் எனக்கு அது அவ்வளவு பிடிக்காது. உங்கள் கணக்கில் இரண்டு கர்னல் இருக்க மூன்றாவது வந்தால் 419, இடம் போதும். அதனால் எதையும் மாற்றாமல், கர்னல் அப்டேட் வந்த அன்று மட்டும் ரீஸ்டார்ட்டுக்கு முன் "எல்எஸ் -எல்எச் /பூட்" பார்த்து ஒவ்வொரு விஎம்லினஸுக்கும் ஜோடி இருக்கிறதா என்று எண்ணுவதே எனக்குப் பிடித்த வழி.

அப்புறம் /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_டைம்அவுட்_ஸ்டைல் என்பதை "மெனு" என்றும் கிரப்_டைம்அவுட் என்பதை 5 என்றும் மாற்றி "சுடோ அப்டேட்-கிரப்" போட்டு வையுங்கள். தினமும் ஐந்து நொடி போகும், ஆனால் பழைய கர்னல் எங்கே இருக்கிறது என்று இனித் தேட வேண்டியதில்லை.

திண்ணை_64 – காலை 6:50

டீச்சர், நேற்று நான் அவசரப்பட்டுப் புதிதாகப் போடச் சொன்னதற்கு வருந்துகிறேன். இழையைக் காலையில் முழுக்கப் படித்துவிட்டு என் கணினியில் டிஎஃப் போட்டுப் பார்த்தேன். /பூட் 91 சதவீதம். கையால் போட்ட பழைய கர்னல் ஒன்று எனக்கும் இருக்கிறது, இப்போதுதான் நீக்கிக்கொண்டிருக்கிறேன்.

தாமிரபரணிக்கரை – மாலை 5:40

பரவாயில்லை சார், நீங்கள்தான் முதலில் பதில் போட்டீர்கள், அந்த நேரத்துக்கு அதுவே தெம்பாக இருந்தது. டைம்அவுட் 5 மாற்றிவிட்டேன், இன்று காலை பட்டியல் தானாக வந்தது. வினாத்தாள் ஆறும் அச்சுக்குக் கொடுத்தாயிற்று. சித்தி மகன் மதியம் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டான், 500 எம்பி கணக்கைச் சொன்னேன், அடுத்த விடுமுறைக்கு வரும்போது முழு பேக்கப் எடுத்து 2 ஜிபியோடு புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறான். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் பென்டிரைவ் நகல் எடுப்பது என்று நாள்காட்டியில் குறித்துவிட்டேன்.